பாதி ரோடு

ஜன்னலை மூடாதீங்க சார். வெடிப்புகை வரும்தான், ஆனா மூடுனோம்னா இந்தக் கூட்டத்துல மூச்சு முட்டியே செத்துருவோம். நீங்க எங்க எறங்கணும்? பெரியாஸ்பத்திரி ஸ்டாப்பா? அப்பச் சரி, சாவகாசமா உக்காருங்க. இப்போதைக்கு இந்த பஸ் நகராது. முன்னாடி போறது ஊர்வலம். தலைவர் பொறந்தநாள் ஊர்வலம். நம்ம கட்சிதான்.

நம்ம கட்சின்னு நான் சொல்லக்கூடாது. என்னைத்தான் நீக்கிட்டாங்களே. கட்சியின் அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உட்பட அனைத்துப் பொறுப்புகளில் இருந்தும் வீரபுத்திரன் நீக்கப்படுகிறார், அப்படின்னு பேப்பர்ல போட்டாங்க. என் பேரு முழுசா பேப்பர்ல வந்தது அந்த ஒரு தடவைதான் சார். மீசை அரும்புன காலத்துல இருந்து ஒழைச்சவன். பசை வாளியத் தூக்கிக்கிட்டு செவரு செவரா அலைஞ்சவன், கொடி கட்டுறதுக்குக் கம்பத்துல ஏறி விழுந்து கை ஒடிஞ்சவன். இந்தா பாருங்க, இந்த முழங்கை இன்னும் நேரா நீளாது. அப்பெல்லாம் வராத பேரு, தூக்கிப் போடுறப்ப வந்துச்சு.

எதுக்கு நீக்குனாங்கன்னுதான கேக்குறீங்க? எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. நான் ஒரு தப்பும் பண்ணல சார். என் பொண்டாட்டி பண்ணுனா. மரகதம்னு பேரு. எங்க வேட்பாளரைத் தோக்கடிச்சது எதிர்க்கட்சிக்காரன் இல்ல. என் வீட்டுல எனக்குச் சோறு போடுறவதான் தோக்கடிச்சா.

சிரிக்காதீங்க சார். என் நெலமை உங்களுக்கு வந்தாத் தெரியும்.

போன மாசியில எங்க தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்துச்சுல்ல? பழைய எம்.எல்.ஏ. தவறிட்டாரு. எங்க சார்புல தனக்கோடி அண்ணன் நின்னாரு. அந்தப் பக்கம் ஒரு மில்லு மொதலாளி. இவங்க ரெண்டு பேருக்கும்தான் போட்டி. அப்புறம் ஒரு கூட்டம் சுயேச்சை. சுயேச்சைன்னா நீங்க என்ன நினைக்கிறீங்க, ஊருக்கு நல்லது செய்யணும்னு தன்னால கெளம்பி வர்ற ஆளுன்னா? அப்படியும் ஒண்ணு ரெண்டு கிறுக்கன் இருப்பான். மத்தவன்லாம் ஏதோ ஒரு கட்சி நிறுத்துன ஆளு. டம்மின்னு சொல்லுவோம். ஒரு வேட்பாளருக்கு இத்தனை வண்டிதான், ஒரு பூத்துக்கு ஒரு ஏஜெண்டுதான்னு சட்டம் வச்சிருக்கான்ல? அதனால சுயேச்சை ஒருத்தரை நிறுத்துனா அவரு பேருல வண்டி வாங்கிக்கலாம், அவரு ஏஜெண்டுன்னு சொல்லிப் பூத்துக்குள்ள நம்ம ஆளை உக்கார வச்சுக்கலாம். பேருதான் சுயேச்சை. வண்டியும் நம்ம வண்டி, ஆளும் நம்ம ஆளு. எல்லாக் கட்சியும் செய்யிறதுதான், இதுல ரகசியம் ஒண்ணும் இல்ல.

மாவட்டம் என்னையக் கூப்பிட்டு விட்டாரு. மாவட்டம்னா மாவட்டச் செயலாளர். நாங்க பேரு சொல்ல மாட்டோம் சார், பதவியத்தான் சொல்லுவோம். 'மாவட்டம் சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு', 'ஒன்றியம் படுத்துட்டாரு', அப்படித்தான் பேச்சு. நான் அப்ப வட்டம். வட்டச் செயலாளர். 'ஏப்பா வட்டம், இந்தத் தடவை ஒரு பொம்பளைய சுயேச்சையா நிறுத்துவோம். பொம்பளைன்னா எவனும் சந்தேகப்பட மாட்டான். ஆனா ஒண்ணு, வாயத் தொறக்காத ஆளா வேணும்'னாரு.

வாயத் தொறக்காத ஆளுன்ன ஒடனே எனக்கு வேற யாரு ஞாபகம் வரும்? 'நம்ம வீட்டம்மாவையே நிறுத்திருவோம்ணே'ன்னேன். எந்திரிச்சு வந்து என் தோளத் தட்டுனாரு சார். அடுத்த உள்ளாட்சியில கவுன்சிலர் சீட்டு ஒனக்குத்தான்னாரு. நான் அதுக்காக ஒத்துக்கல. ஆனா அவரு வாயால சொன்னாரு, இல்லைன்னு சொல்லக்கூடாது.

மரகதம் வாயில்லாப் பூச்சி சார். இந்த மூணு வருசத்துல அவ வீட்டுல பேசுனதை எல்லாம் சேத்தாலும் ஒரு மேடைப் பேச்சுக்குக் காணாது. 'சாப்பிடுறீங்களா', 'தண்ணி வரல', 'கேஸ் தீந்துருச்சு', அம்புட்டுத்தான். எங்க வீட்டுல சண்டைன்னு ஒண்ணு கெடையாது. அக்கம்பக்கத்துல கேட்டுப் பாருங்க. குடுத்து வச்சவன்யா நீயின்னுதான் சொல்லுவான்.

'நாளைக்குத் தாலுகா ஆபீஸ் வரைக்கும் வரணும், நல்ல சேலையாக் கட்டிக்க'ன்னேன். எதுக்குன்னு கேக்கல. போனோம். முன்மொழியிறதுக்கு ஆளு, கட்ட வேண்டிய டெபாசிட்டு எல்லாம் கட்சியே ஏற்பாடு பண்ணியிருந்துச்சு. காட்டுன எடத்துல கையெழுத்துப் போட்டா. சின்னம் கேட்டாங்க. யாருக்கும் ஞாபகத்துல நிக்காத சின்னமா ஒண்ணு சொல்லிக்குடுத்துத்தான் கூட்டிட்டுப் போயிருந்தேன், கண்ணாடி டம்ளருன்னு. அந்த ஆபீசர் 'எந்தச் சின்னம்மா வேணும்'னு கேக்குறாரு, இவ 'ஆட்டோ'ங்கிறா. நான் அவ கையத் தட்டுறேன், திரும்பிக்கூடப் பாக்கல. 'ஆட்டோ'ங்கிறா மறுபடியும். சரி போ, பொம்பளைக்கு ஏதோ ஒரு ஆசைன்னு விட்டுட்டேன். அந்த எடத்துலயே நான் உசாராயிருக்கணும் சார்.

பின்னாடி எவனோ ஹாரன் அடிக்கிறான் பாருங்க. அடிச்சா மட்டும் பறந்து போயிருவானா?

எதுல விட்டேன்? ஆங், வண்டி. ஆட்டோ சின்னம்ங்கிறதால ஒரு ஆட்டோவையே பிடிச்சு, மைக் கட்டி, அவ படத்தை ஒட்டி, உள்ள எங்க ஆளுகளை ஏத்தி அனுப்பிக்கிட்டு இருந்தோம். ரெண்டாம் நாளே பறக்கும் படை மறிச்சிருச்சு. வேட்பாளர் எங்க, வண்டிய வேற கட்சி ஓட்டுதான்னு கேள்வி. சரி, கேள்வியே வேணாம்னு மரகதத்தையும் ஆட்டோவுல உக்கார வச்சோம். சும்மா உக்காந்திருந்தா சார். கைய மடியில வச்சுக்கிட்டு, ரோட்டையே பாத்துக்கிட்டு. மைக்குல எங்க பய ஏதோ கத்துவான், நாங்க எறங்கி வீடு வீடா தனக்கோடி அண்ணனுக்கு ஓட்டுக் கேப்போம்.

ஒருநாள் சாயங்காலம், எங்க ஊரு பழைய பஸ் ஸ்டாண்டு ஆர்ச்சுக்கிட்ட வண்டி நிக்குது. மறுபடியும் அதே பறக்கும் படை. அந்த ஆபீசருக்கு எங்க மேல ஒரு கண்ணு. 'இந்தம்மா வேட்பாளர்தானா? ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுங்க பாப்போம்'ங்கிறான். கேமராவ வேற தூக்கிப் பிடிக்கிறான். நான்தான் சார் மைக்க வாங்கி அவ கையில குடுத்தேன். இந்தக் கையாலதான். 'ஆட்டோ சின்னத்துல ஓட்டுப் போடுங்கன்னு சொல்லு, அம்புட்டுப் போதும்'னு காதுல சொன்னேன்.

மைக்க வாங்குனா. ஆர்ச்ச ஒரு தடவை நிமிந்து பாத்தா. அப்புறம் சொல்றா, 'எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஒரு மக இருந்தா. இந்த ஆர்ச்சுக்குக் கீழ, இதே மாதிரி ஒரு ஆட்டோவுல, என் மடியில செத்துப்போனா. ஆஸ்பத்திரி அந்தா தெரியுது. ஊர்வலம் போய்க்கிட்டு இருந்துச்சு, யாரும் வழி விடல. நீங்க எனக்கு ஓட்டுப் போட வேணாம். யாருக்கு வேணும்னாலும் போடுங்க. ஓட்டுக் கேட்டு வர்றவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. ஊர்வலம் போனா பாதி ரோட்டுல போகச் சொல்லுங்க. மீதி பாதி ரோட்டை விட்டுறச் சொல்லுங்க.'

இம்புட்டுத்தான். மைக்க எங்கிட்டத் திருப்பிக் குடுத்துட்டு, பழையபடி கைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்துட்டா.

மைக்க அமத்திட்டுத் திரும்பிப் பாக்குறேன் சார். ஆட்டோவச் சுத்தி நிக்கிறவன் பூரா எங்க கட்சிக்காரன். கடை வாசல்ல நின்ன பொம்பளைங்க எல்லாம் முந்தானைய வாயில வச்சுக்கிட்டு நிக்குதுங்க. அந்த ஆபீசர் கேமராவ எறக்கிட்டான். 'நீங்க பேசுங்கம்மா'ங்கிறான். ஏய்யா, நீ யாருய்யா அவளப் பேசச் சொல்றதுக்கு?

எங்க மக கதையக் கேக்குறீங்களா? அதை ஏன் கேக்குறீங்க. தலையெழுத்து.

வெற்றிச்செல்வின்னு பேரு. தலைவர் வச்ச பேரு சார்! பொறந்து எட்டு மாசம் பேரே வைக்காம வச்சிருந்தோம், தலைவர் எங்க ஊருப்பக்கம் வரட்டும்னு. வந்தாரு. கூட்டத்துக்குள்ள முண்டியடிச்சுப் போயி வேனுக்கு மேல பிள்ளையத் தூக்கிக் குடுத்தேன். கையில வாங்கி மைக்குலயே பேரு சொன்னாரு, ஊரே கை தட்டுச்சு. போட்டோ இருக்கு, வீட்டுல மாட்டி வச்சிருந்தேன். மரகதம் மட்டும் கடைசி வரைக்கும் பாப்பான்னுதான் கூப்பிட்டா. அதுல அவளுக்கு ஒரு வீம்பு.

பிள்ளைக்கு வீசிங் உண்டு. தூசி, புகை எது பட்டாலும் இழுக்கும். ஆஸ்பத்திரியில கொண்டு போயி மூஞ்சியில அந்த மெஷினை வச்சுப் புகை பிடிச்சா சரியாயிரும். எத்தனையோ தடவை சரியாயிருக்கு. அன்னைக்கு, போன பொதுத்தேர்தலுக்கு முந்துன மாசம், வேட்பாளர் அறிமுக ஊர்வலம். வெடி முழுக்க என் பொறுப்பு. ஆர்ச்சுல இருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் சரம் சரமா விரிச்சு விட்டேன் பாருங்க, அப்படி ஒரு வெடி அந்த ஊரு அதுக்கு முன்னாடியும் பாத்ததில்ல, பின்னாடியும் பாக்கல. ஒன்றியமே எங்கிட்ட வந்து சபாஷ்னாரு. அந்த நேரத்துல போன் வருது. மரகதம். 'பாப்பாவுக்கு இழுக்குது, ஆட்டோவுல வந்துக்கிட்டு இருக்கோம், ஆர்ச்சுக்கிட்ட மாட்டிக்கிட்டோம், வழி விடச் சொல்லுங்க'ங்கிறா.

நான் எங்க இருக்கேன்? ஊர்வலத்துக்கு முன்னாடி, வேனுக்குப் பக்கத்துல. எனக்குப் பின்னாடி ரோடு கொள்ளாம ஜனம். எப்படி வழி விடச் சொல்றது? நீங்களே சொல்லுங்க. அதுவும் வட்டமா ஆகி ஒரு வாரம் ஆகல, நானே போயி ஊர்வலத்த நிறுத்துனா என்ன ஆகும்? 'பத்து நிமிஷத்துல போயிரும், அங்கேயே நில்லு'ன்னேன். தப்பா சார் அது? யாரா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பாங்க. அந்த ஆட்டோக்காரன் கருத்தப்பாண்டி எறங்கி வந்து கூட்டத்துல கெஞ்சியிருக்கான், யாரோ ஒரு குடிகாரப் பய அவன் கன்னத்துல அறைஞ்சு விரட்டிட்டானாம். அதுக்கு நான் பொறுப்பாக முடியுமா?

டாக்டரு, கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னாரு. டாக்டருங்க எல்லாத்துக்கும் அப்படித்தான் சொல்லுவாங்க. மாவட்டம் நேர்ல வந்து மாலை போட்டாரு சார். பெரிய மாலை. சின்னப் பிள்ளைக்கு அம்புட்டுப் பெரிய மாலை எவன் போடுவான்?

சரி விடுங்க, நான் தேர்தலுக்கு வர்றேன்.

அன்னைக்கு ராத்திரி வீட்டுல கேட்டேன், 'என்னடி இது, சொன்னது என்ன, நீ பேசுனது என்ன'ன்னு. தட்டு வச்சுச் சோறு போட்டுக்கிட்டே சொல்றா, 'நீங்கதான நிறுத்துனீங்க?' அம்புட்டுத்தான். குழம்ப ஊத்திட்டுப் போயிட்டா. மக போன மூணு வருசமா 'சாப்பிடுறீங்களா'ன்னு கேட்ட அதே கொரலு சார், ஏத்தம் இல்ல எறக்கம் இல்ல. எனக்குக் கோபம் வந்துச்சு பாருங்க, தட்டத் தள்ளி விட்டுட்டேன். கீழ சிந்துனதத் தொடைச்சுட்டு மறுபடியும் ஒரு தட்டு வச்சா.

வாபஸ் வாங்க வைக்கலாம்னா தேதி முடிஞ்சு போச்சு. மெஷின்ல அவ பேரு ஏறியாச்சு. மாவட்டம் போன்ல கிழிக்கிறாரு. 'ஒம் பொண்டாட்டி வாய மூட ஒனக்குத் துப்பில்லையா'ங்கிறாரு. நான் மைக்கப் பிடுங்கி வச்சேன். ஆட்டோவ நிறுத்தச் சொன்னேன். மறுநாள் சாயங்காலம் போயிப் பாக்குறேன், ஆர்ச்சுக்குக் கீழ ஸ்டாண்டு ஆட்டோக்காரன் பூரா வரிசையா நிக்கிறான். யாரும் கூப்பிடல, காசு கெடையாது, பிரியாணி கெடையாது. கருத்தப்பாண்டி மொதல்ல நிக்கிறான், எங்கேயோ இருந்து வேற ஒரு மைக்கக் கொண்டாந்து, அவன் ஆட்டோவுல இருந்து அதுக்குக் கரண்டு எடுத்திருக்கான். மரகதம் அதே பேச்சதான் பேசுறா. ஒரு வார்த்தை கூடல, ஒரு வார்த்தை கொறையல. பேசி முடிச்சதும் பொம்பளைங்க ஒவ்வொருத்தியா வந்து அவ கையப் பிடிக்கிறாளுக. எங்கப்பா நெஞ்சு வலியோட இந்த முக்குலதான் நின்னாருங்கிறா ஒருத்தி. ரோட்டுலயே பிரசவம் ஆச்சுங்கிறா இன்னொருத்தி. எங்க இருந்துதான் கெளம்பி வந்தாளுகளோ. இத்தனை நாளு எங்க இருந்தாளுக இவளுகெல்லாம்?

அந்த மில்லு மொதலாளி சும்மா இருப்பானா? சால்வையத் தூக்கிக்கிட்டு எங்க வீட்டுக்கே வந்துட்டான், 'எங்க மேடைக்கு வந்து இதையே பேசுங்கம்மா, அவங்க கட்சி அராஜகத்த நாடு தெரிஞ்சுக்கட்டும்'னு. நான் உள்ள ரூம்புல இருந்து கேக்குறேன். இவ சொல்றா, 'உங்க ஊர்வலமும் ரோடு முழுக்கத்தான போகுது?' அந்தாளு சால்வைய மடிச்சு எடுத்துக்கிட்டுப் போயிட்டான். எனக்கு அந்த எடத்துல மட்டும் கொஞ்சம் சந்தோசமா இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. அவன் மூக்க நல்லா ஒடைச்சு விட்டா.

ஓட்டுப் பதிவு அன்னைக்குக் கூத்தக் கேளுங்க. சுயேச்சை வேட்பாளர் மரகதத்தோட பூத் ஏஜெண்டு யாருங்கிறீங்க? நான்தான். முன்னாடியே போட்ட ஏற்பாடு, மாத்த முடியல. அவ பேரு போட்ட அட்டையச் சட்டையில குத்திக்கிட்டு, தனக்கோடி அண்ணனுக்கு வேலை பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். சாப்பிட வெளிய வந்தா வரிசையில நிக்கிற கெழவி எங்கிட்டயே கேக்குது, 'ஏய்யா, நீ அந்தப் பிள்ளையோட அப்பன்தான? ஆட்டோ மெஷின்ல எத்தனாவதா இருக்கு? எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது.' அப்பன்தானன்னு கேக்குது சார். தெரியாதுன்னு சொல்லிட்டு விறுவிறுன்னு வந்துட்டேன். பூத்துல ஏஜெண்டு பேசக்கூடாதுன்னு சட்டம்.

நான் யாருக்குப் போட்டேன்னு கேக்காதீங்க. நான் கட்சிக்காரன். வேற யாருக்குப் போடுவேன்?

எண்ணி முடிச்சாங்க. தனக்கோடி அண்ணன் நூத்திச் சொச்சம் ஓட்டுல தோத்தாரு. மரகதம் வாங்குனது ஆயிரத்துக்கு மேல. டெபாசிட்டு போச்சு, அது வேற விசயம். ஆனா அந்த ஆயிரத்துல பாதி எங்க ஓட்டு சார், பரம்பரை பரம்பரையா எங்களுக்கு விழுற ஓட்டு. எண்ணுற எடத்துக்கு வெளிய மாவட்டம் என்னைப் பாத்த பார்வை இருக்கே... செருப்பால அடிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். மறுநாள் பேப்பர்ல என் பேரு. எனக்குத் தண்ணி தெளிச்சு விட்டுட்டாங்க. டீக்கடையில நான் போயி உக்காந்தா எங்க பயலுகளே எந்திரிச்சுப் போறானுங்க. தனக்கோடி அண்ணன் வீட்டு விசேசத்துக்குப் பத்திரிகை இல்ல. கட்சிய விட்டா எனக்கு என்ன சார் இருக்கு? பிள்ளை இல்ல. வீட்டுக்குப் போனா பேசுறதுக்கு ஆளு இல்ல.

தேர்தல் முடிஞ்சதும் அவளும் பழையபடி ஆயிட்டா. 'சாப்பிடுறீங்களா', 'தண்ணி வரல'. நான்கூட நினைச்சேன், பேசட்டும், திட்டவாவது செய்யட்டும்னு. ம்ஹூம்.

இப்ப எதுக்குப் போறேங்கிறீங்களா? காலப் பிடிச்சு, கையப் பிடிச்சு, ஆளு விட்டுப் பேசி, கடைசியில மாவட்டம் எறங்கி வந்திருக்காரு. இன்னைக்கு ஊர்வலம் முடியிற எடத்துல மேடை. நீக்குனவங்களத் திரும்பச் சேக்குறாங்க. நான் மேடை ஏறி சால்வை போட்டா சேத்துக்குவாரு. ஒரே ஒரு கண்டிசன், மரகதமும் கூட வந்து, தெரியாமப் பேசிட்டேன்னு மைக்குல ஒரு வார்த்தை சொல்லணும். ஒரு வார்த்தைதான சார்? அவ பேசுனதால வந்த வினை, அவ பேசியே போகட்டும். ஒரு வாரமாக் கெஞ்சுனேன். ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. இன்னைக்குக் காலையில நான் சட்டையப் போட்டுக்கிட்டு, 'கடைசியாக் கேக்குறேன், வர்றியா இல்லையா'ன்னேன். அவ கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். 'ஊர்வலம் எந்த ரோட்டுல போகுது?'

எந்த ரோட்டுல போனா இவளுக்கு என்ன? 'பெரியாஸ்பத்திரி ரோட்டுலதான்'னேன். உள்ள போயிட்டா. வரல. நான் மட்டும் வந்துட்டேன். காய்ச்சல்ல படுத்திருக்கான்னு சொல்லிக்க வேண்டியதுதான். இந்தாங்க, இதுதான் சால்வை. தொட்டுப் பாருங்க, நல்ல பட்டு. கட்சித் துண்டும் பையிலதான் இருக்கு, மேடைக்கிட்டப் போயித்தான் தோள்ல போடணும். சேக்குறதுக்கு முன்னாடி போட்டா அதுக்கும் எவனாவது ஒண்ணு சொல்லுவான்.

நேரத்துக்குப் போயிச் சேரணும் சார். மாவட்டம் முன்னாடி வேன் மேல நின்னுக்கிட்டுப் போறாரு, மேடை ஏறிட்டுக் கெளம்பிட்டாருன்னா அம்புட்டுத்தான், அப்புறம் எனக்கு இந்த ஜென்மத்துல கட்சி கெடையாது. கண்டக்டரே, எறங்கி நடந்தா மேடைக்கு எம்புட்டுத் தூரம்? கூட்டத்துக்குள்ள நடக்க முடியாதா? சரி சரி.

அட, இவன் விட மாட்டான் போலருக்கே. எம்புட்டு நேரமா ஹாரன அமுக்குறான் பாருங்க, காது கிழியுது. கொஞ்சம் நகருங்க சார், ஜன்னல் வழியா ஒரு சத்தம் போட்டாத்தான் அடங்குவான். ஆட்டோவா? இங்க இருந்து கூரைதான் தெரியுது. ஏய் ஆட்டோ! அறிவிருக்காய்யா ஒனக்கு? முன்னாடி ஊர்வலம் போறது கண்ணுக்குத் தெரியல? பத்து நிமிஷத்துல போயிரும், அங்கேயே நில்லு!

சொன்னாக் கேக்குறானா பாருங்க.

என்ன சார்? எதுக்கு என்னைய அப்படிப் பாக்குறீங்க? நான் என்ன சொல்லிட்டேன்? ஊர்வலம் போகுது, பத்து நிமிஷத்துல...

நானா சார் சொன்னேன்?

இல்ல, இருங்க. இருங்க. அந்த ஆட்டோவுக்குள்ள யாரு இருக்கா? நீங்க ஜன்னல் பக்கம் இருக்கீங்க, கொஞ்சம் எட்டிப் பாருங்க. என்னால பாக்க முடியாது. நீங்க பாருங்க சார், ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஆளு இருக்கா? பொம்பளையா? மடியில...

வேணாம். சொல்லாதீங்க. சொல்ல வேணாம் சார்.

கண்டக்டர்! கதவத் தொறங்க. ஸ்டாப்பு இல்லைன்னு எனக்கும் தெரியும்யா, தொறங்கன்னா தொறங்க.

இந்தப் பையப் பிடிங்க சார். சால்வை உள்ளயே கெடக்கட்டும். துண்ட மட்டும் எடுத்துக்குறேன். கூட்டத்துக்குள்ள சும்மா போயி நின்னா தள்ளி விட்டுட்டுப் போயிருவானுங்க. கட்சித் துண்டு போட்டவன் நடு ரோட்டுல கைய விரிச்சு நின்னா, யாரு என்னன்னு பாக்குறதுக்காவது நிப்பானுங்க. அறைஞ்சாலும் அறைவானுங்க. மாவட்டம் வேன் மேலதான் நிக்கிறாரு, அங்க இருந்து என்னைய நல்லாப் பாப்பாரு. பாக்கட்டும்.

அந்த ஆட்டோக்காரன்கிட்ட ஜன்னல் வழியாச் சொல்லிருங்க சார், என் பின்னாடியே வரச் சொல்லுங்க. நான் சொன்ன மாதிரி நிக்க வேணாம்னு சொல்லுங்க. முழு ரோடும் வாங்கித் தர என்னால முடியாது. பாதி ரோடு. அவ கேட்டதே பாதி ரோடுதான சார்.